அவசியமில்லாத ஓட்டம்

இனிமேல் ஓட வேண்டிய அவசியமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். மகன் காரில் வரும்போதே அப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னான். மருமகள் வாசலிலேயே வந்து நின்று, தப்பிச்சீங்க அத்தை என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, நல்ல சேதி என்றார். அறுபத்து நான்கு வயதில் ஒருத்திக்கு ஜெயிலிலிருந்து விடுதலை கிடைத்த மாதிரி ஆளாளுக்குக் கொண்டாடினார்கள். விடுதலையானவள் மட்டும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, யாரோடும் பேசாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தண்ணீர் கொட்டுகிற சத்தத்துக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. முதல் கோபம் அதுதான். முழங்கால் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, பேனாவால் இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டி, வயதுக்குத் தகுந்த தேய்மானம்தான், சுகரும் நன்றாகக் கட்டுக்குள் இருக்கிறது, இனி ஓட வேண்டிய அவசியமில்லை, நடந்தாலே போதும் என்று மகனைப் பார்த்துத்தான் சொன்னார். ரிப்பேருக்கு வந்த மிக்ஸியைப் பற்றி, அதைத் தூக்கிக்கொண்டு வந்தவனிடம் பேசுகிற மாதிரி. ஓடினால் கெடுதலா என்று அவள்தான் குறுக்கே கேட்டாள். டாக்டர் கொஞ்சம் யோசித்தார். கெடுதல் என்று சொல்ல மாட்டேன், பார்த்து ஓடலாம் என்றார்.

"ஆனா இந்த வயசுல எதுக்கும்மா?" என்று சிரித்தார். மகனும் சிரித்தான்.

அந்த 'எதுக்கு' அவளோடு காரில் ஏறி, வீடு வரைக்கும் வந்து, குளியலறைக்குள்ளும் வந்து நின்றது.

விழுந்ததை மறைத்திருக்கலாம். கால்வாய்ப் பாலத்தின் ஓரத்தில் பெயர்ந்து கிடந்த ஒரு தரை ஓடு காலை வாரிவிட்டது. உள்ளங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு. எழுந்து, கையை உதறிவிட்டு, மிச்சத் தூரத்தையும் ஓடி முடித்துவிட்டுத்தான் வந்தாள். ஊறப்போட்டிருந்த கால்சட்டையில் ரத்தக் கறையை மருமகள் பார்த்துவிட்டாள். மருமகள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருப்பவள். கறை என்றால் அவளுக்குக் கறை இல்லை, ஒரு கேஸ்.

அந்த வீட்டில் யாரும் எதையும் ஆசைக்காகச் செய்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் வேண்டும். கணவர் நாளுக்கு நாலு தடவை கடுங்காப்பி குடிப்பது தலைவலிக்காக. மகன் விடிய விடிய கால்பந்து மேட்ச் பார்ப்பது ஆபீஸ் டென்ஷனுக்காக. மருமகள் ஞாயிற்றுக்கிழமை மதியம் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவது லோ பிரஷருக்காக. கணவரின் அம்மா, அவள் மாமியார், உயிரோடு இருந்தபோது பக்கத்து வீட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஊர் வம்பெல்லாம் பேசிவிட்டு வருவார். கேட்டால், மூட்டு பிடித்துக்கொள்ளாமல் இருக்க நடந்துவிட்டு வந்தாராம். மகன் சின்னப் பையனாக இருந்தபோது மொட்டை மாடியில் என்னடா பண்ணினாய் என்றால், சும்மா என்பான். சும்மான்னா என்ன அர்த்தம் என்று அப்பா விடமாட்டார். பையன் கடைசியில் காற்று வாங்கப் போனேன், மூச்சு முட்டியது என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வான். அப்படித்தான் அவனும் தேறினான். இன்று ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவி. மனிதர்களுக்கு என்னென்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசிப்பதுதான் வேலை.

அவளுடைய ஓட்டமும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் சுகர் எல்லைக்கோட்டில் இருக்கிறது, நடங்கள் என்றார்கள். நடந்தாள். வரிசையில் நிற்கிற மாதிரி, எப்போது முடியும் என்று நடந்தாள். ஒருநாள் காலையில் நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. பாலத்தடியில் ஒதுங்கலாம் என்று ஓடினாள். பாலத்தடி வந்தது. நிற்கவில்லை. அந்தப் பக்கம் வெளியே வந்து, கொட்டுகிற மழையில் ஓடிக்கொண்டே இருந்தாள். சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தபோது கணவர் துண்டை நீட்டி, சுகருக்காக ஓட ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்டார். அவள் 'ம்' என்றாள்.

அந்த ஒரு 'ம்' தான் அவள் செய்த தப்பு. அனுமதிச் சீட்டு என்று நினைத்து வாங்கிக்கொண்டாள். அதற்குக் கெடுதேதி உண்டு என்று அப்போது தெரியவில்லை.

சுகருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காலையில் தெரு இன்னும் யாருடையதாகவும் ஆகாத நேரம். முதலில் உடம்பு முரண்டு பிடிக்கும். கணுக்கால் முனகும், இடுப்பு கேள்வி கேட்கும், போன ஜென்மத்து வலியெல்லாம் எழுந்து வந்து கையெழுத்துப் போடும். மூடிக்கிடக்கிற மில்லின் நீளச் சுவர் முடிகிற இடத்துக்கு வரும்போது ஏதோ ஒரு முடிச்சு அவிழும். எந்த இடத்து முடிச்சு என்று இத்தனை வருஷத்தில் அவள் கண்டுபிடித்ததில்லை. மூச்சு தானாக ஒரு தாளத்தில் விழும். கால் தானாகப் போகும். பிள்ளை பெற்றது, பாத்திரம் தேய்த்தது, மாமியாரைத் தூக்கிக் குளிப்பாட்டியது, கடையில் நின்றது என்று காலமெல்லாம் அடுத்தவர் வேலைக்கே போய்வந்த உடம்பு, அந்தக் கொஞ்ச நேரம் எந்த வேலைக்கும் போகாமல் தனக்காகத் தானே போய்க்கொண்டிருக்கும். அதை வீட்டில் சொல்ல முடியுமா? சொன்னால் எந்த மாத்திரை என்று கேட்பார்கள்.

மறுநாள் விடிகாலை எழுந்து பால்கனிக்குப் போனாள். ஷூ இல்லை. அலமாரியில் பார்த்தாள். கட்டிலுக்கடியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால், எங்கும் இல்லை. மகன் எழுந்து வரும்வரை சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, அது அடி தேய்ந்து போன ஷூ அம்மா, பழைய சாமானோடு போய்விட்டது என்றான். யார் எடுத்துப் போட்டது என்று கேட்டதற்கு, யார் போட்டால் என்ன, நடக்கிறதுக்கு நல்லதாக வாங்கிக்கலாம் என்றான். கணவர் காப்பி டம்ளருக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்திருந்தார்.

வாங்கிக்கொள்ளலாம் என்று அவளே ஷூ கடைக்குப் போனாள். கடைப் பையன் அவள் முகத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான், கட்டிலில் கிடப்பவர்கள் பாத்ரூம் போகப் போட்டுக்கொள்கிற மாதிரி மெத்தென்று ஒன்றை எடுத்து வைத்தான். உங்க வயசுக்கு இதுதான் எல்லாரும் எடுக்கறாங்க என்றான். ஓடுவதற்கு வேண்டும் என்றாள். பேரனுக்கா என்றான். அவள் எழுந்து வந்துவிட்டாள். வாங்கியே தீர வேண்டும் என்ற வைராக்கியத்தைவிட எழுந்து வர வேண்டும் என்ற ஆத்திரம் பெரிதாக இருந்தது. அந்த ஆத்திரத்தின் மேலும் பிறகு ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் வந்து நின்றது. நாலு பேர் படியேற்றி ஒரு ஓட்ட மெஷினைக் கொண்டுவந்து பின் அறையில் சுவரைப் பார்த்து வைத்தார்கள். மகன் அதன் பக்கத்தில் பெருமையாக நின்றான். மழை, வெயில், நாய், பெயர்ந்த ஓடு எதுவும் கிடையாது. வேகத்தைக் கூட அவனே கட்டிவைத்திருக்கிறான், அதற்கு மேல் போகாது. அப்புறம் ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்து அதன் கிளிப்பை அவள் சட்டையில் மாட்டிக் காட்டினான். தடுமாறினால் கயிறு கழன்றுகொள்ளும், மெஷின் தானாக நின்றுவிடும்.

கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்ட மாதிரி அந்தக் கயிற்றோடு அவள் நின்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஏறினாள். காலுக்கடியில் கறுப்பு ரப்பர் ஓடியது. எதிரே சுவர். சுவரில் ஆணி அடித்துப் பிடுங்கிய ஒரு ஓட்டை. எவ்வளவு ஓடியும் அந்த ஓட்டை அங்கேயே இருந்தது. மருமகள் உற்சாகமாக, வெளியே ஓடின அதே பலன் அத்தை, ஒரு துளி குறையாது என்றாள். அவள் கயிற்றைப் பிடுங்கினாள். மெஷின் நின்றது.

"பலனை நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். முட்டி வலிக்கிறது போல என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

அதற்கப்புறம் காலையில் நடந்தாள், செருப்போடு. கால்வாய் ஓரத்தில் பிளம்பர் எதிரே வந்தான். தொந்தியும் அவனுமாக மூச்சு வாங்க ஓடுகிறவன். இத்தனை வருஷத்தில் எதற்கு ஓடுகிறீர்கள் என்று அவளைக் கேட்காத ஒரே ஆள். அவனிடம் அவளும் கேட்டதில்லை. வீட்டில் இருந்தால் யாராவது ஃபோன் பண்ணிக் குழாய் ஒழுகுது என்பார்கள், ஓடுகிறவனைக் கூப்பிட முடியாதே என்று அவனாகவே ஒருதரம் சொல்லியிருக்கிறான். மற்றவர்கள் அப்படி இல்லை. இந்த வயசுல என்று ஆரம்பித்து, கையைத் தூக்கிக் கும்பிட்டு, ஃபோனில் படம் எடுத்து, நீங்கதான் எங்களுக்கெல்லாம் முன்மாதிரி என்பார்கள். முன்மாதிரி என்று சொன்ன யாரும் மறுநாள் ஓடி அவள் பார்த்ததில்லை.

"என்ன அக்கா, எக்ஸ்பிரஸ் ரயில் பாசஞ்சர் ஆயிடுச்சு?" என்றான் பிளம்பர்.

"தண்டவாளத்தைப் பிடுங்கிட்டாங்க" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே கடந்துபோனான். அவன் தொந்தி குலுங்கப் போவதைத் திரும்பி நின்று பார்த்தபோது அவளுக்குக் கண் எரிந்தது. பொறாமையில்தான்.

அவர்களுடைய மூக்குக் கண்ணாடிக் கடை கடைத்தெருவின் நடுவில் இருந்தது. முன்னால் கவுண்டரில் கணவர். ஆட்களை உட்காரவைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, பவர் பார்த்து, ஃப்ரேம் எடுத்துக் காட்டுவதெல்லாம் அவர். பின்னால் மறைப்புக்கு அந்தப் பக்கம் அவள். வருகிற லென்ஸ் வட்டமாகத்தான் வரும். நடுப்புள்ளியை மையால் குறித்து, ஃப்ரேமின் அச்சுக்குத் தகுந்தாற்போல் சாணைச் சக்கரத்தில் வைத்து ஓரத்தைத் தேய்த்து உருவம் கொண்டுவருவது அவள் வேலை. சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். விரலெல்லாம் வெள்ளைச் சேறு. மயிரிழை கூட வைத்துத் தேய்த்தால் இன்னும் தேய்க்கலாம். மயிரிழை அதிகமாகத் தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. இதற்கெல்லாம் இப்போது தானியங்கி மெஷின் வந்துவிட்டதுதான், அவர்களும் ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு அதில் போடுவார்கள். அவளுக்குக் கையால் தேய்ப்பதுதான் பிடிக்கும். அதையும் கண்ணுக்குப் பயிற்சி என்றுதான் வீட்டில் சொல்லிவைத்திருந்தாள்.

இருவரும் பேசிக்கொள்ளாமலே நாள் முழுக்க வேலை பார்ப்பார்கள். பல வருஷத்துப் பழக்கம். முன்பெல்லாம் அந்த மௌனத்தில் ஒன்றும் இருக்காது. இந்த நாட்களில் அதில் ஷூ இருந்தது.

அன்று ஒரு டீச்சருடைய கண்ணாடி. பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டும், மத்தியானம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போயிருந்தார். இடது லென்ஸைப் போட்டாயிற்று. வலதைச் சக்கரத்தில் வைத்திருந்தபோது முன்னால் கணவர் யாரோ வாடிக்கையாளரிடம் பேசுவது கேட்டது. உங்க வீட்டம்மா இப்பல்லாம் ஓடறதில்லையா என்று அவர் கேட்க, இவர் சொன்னார்: "நிறுத்திட்டாங்க. உடம்பு சரியாயிடுச்சு."

உடம்பு சரியாகிவிட்டதாம். நிறுத்திவிட்டாளாம். அவளே.

சக்கரத்தின் ஓசை மாறியது அவள் காதில் விழுந்தது, ஆனால் கை அதற்குள் அழுத்திவிட்டது. எடுத்து ஃப்ரேமில் பொருத்திப் பார்த்தாள். லென்ஸ் லேசாக ஆடியது. விரலால் தட்டினால் டொக்கென்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்தை அவள் கடைசியாகக் கேட்டது எப்போது என்று நினைவே இல்லை. புதுப் பிள்ளைகள் செய்கிற தப்பு.

அதற்கு ஒரு வழி உண்டு. மீன் பிடிக்கிற நரம்பு போல மெல்லிசான பிளாஸ்டிக் நாடா. ஃப்ரேமின் குழிவுக்குள் அதைச் சுற்றிவைத்து லென்ஸை மாட்டினால் ஆடாது. தப்பாகத் தேய்த்தவர்களுக்கான வைத்தியம் என்பதால் அவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அடி இழுப்பறையில், யாரும் வாங்க வராத பழைய கண்ணாடிகளுக்குப் பின்னால் ஒரு சுருள் கிடந்தது. வருஷக்கணக்காக அந்த இழுப்பறையை அவள் திறந்ததில்லை. திறக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

குனிந்து இழுத்தாள். பழைய கண்ணாடிப் பெட்டிகள் முன்னுக்குத் தள்ளப்பட்டிருந்தன. பின்னால், லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணியில் சுற்றி, அவள் ஷூ.

பிரித்தாள். சேறு துடைக்கப்பட்டிருந்தது. நசுங்கிப் போகாமல் இருக்க உள்ளே காகிதம் சுருட்டி அடைத்திருந்தது. கயிறு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சு யார் முடிச்சு என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் இரட்டை முடிச்சுப் போடுகிறவர் ஒருத்தர்தான்.

தூக்கிப் போட்டிருந்தால் கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. எடுத்தவர் பத்திரப்படுத்தியும் வைத்திருக்கிறார். அதுவும் எங்கே? அவள் தப்பே செய்ய மாட்டாள் என்று நம்பி, தப்புச் செய்தால் மட்டும் திறக்கிற இழுப்பறையில். அவளுடைய கைத்திறமையையே பூட்டாகப் போட்டுப் பூட்டியிருக்கிறார்.

வாடிக்கையாளர் போகும்வரை நின்றாள். பிறகு ஷூவைக் கொண்டுவந்து கவுண்டர் மேல், புது ஃப்ரேம்கள் வரிசையாக இருக்கிற கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். அவர் ஷூவைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவள் காத்திருந்தாள். தெருவில் ஒரு லாரி பின்னால் வருகிற பீப் பீப் சத்தம் ஆரம்பித்து, நீண்டு, நின்றது. அப்போதும் அவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

விழுந்தால் என்ன ஆவது, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தாள். அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள். பல நாளாகச் சாணை பிடித்து வைத்த பதில். அவர் அதைச் சொல்லவில்லை.

"ஓடிட்டு வர்றப்போ உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"என் மூஞ்சிய நான் எப்படிங்க பாக்கறது?"

"நான் பாப்பேன். தினமும் பால்கனியில நின்னு. தெருமுனை திரும்பறப்போ அப்படி ஒரு மூஞ்சி உனக்கு. படியேறி உள்ள வர்றதுக்குள்ள அது போயிடும். என்னைப் பாத்ததும் போயிடும்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மறுபடியும் கழற்றினார். "அந்த மூஞ்சிய நான் ஒரு நாளும் உனக்குக் குடுத்ததில்ல. எங்கயோ தெருவுல இருந்து வாங்கிட்டு வர்ற. டாக்டர் வேண்டாம்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. எடுத்து வெச்சுட்டேன்."

"எடுத்து வெச்சா?"

"அது வீட்டுலயே இருக்கும்னு நெனச்சேன்."

"இருந்துச்சா?"

அவர் கண்ணாடி இல்லாத கண்ணால் அவளைப் பார்த்தார். அந்தத் தூரத்தில் அவருக்கு அவள் ஒரு மங்கலாகத்தான் தெரிந்திருப்பாள்.

 அவர் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே ஒரு கணம் மனசு இளகப் பார்த்தது. அடுத்த கணம் கோபம் எழுந்து வந்து அதை ஓரமாகத் தள்ளியது. சம்பாத்தியத்தைக் கொடுத்தாயிற்று, பொழுதைக் கொடுத்தாயிற்று, முட்டியைக் கூடப் படம் பிடித்துக் கொடுத்தாயிற்று. தெருமுனையில் தன்னையறியாமல் வருகிற முகத்துக்கும் வீட்டில் பங்கு கேட்கிறார்கள்.

"அது உங்களுக்கு வேண்டிய மூஞ்சி இல்ல" என்றாள். "அது யாருக்கும் வேண்டிய மூஞ்சி இல்ல. அதான் அது நல்லா இருக்கு."

வாடிக்கையாளர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்து இரட்டை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளேயிருந்த காகிதத்தைப் பிடுங்கித் தரையில் போட்டாள். வெள்ளைச் சேறு படிந்த கடை மேலங்கியைக் கழற்றி கவுண்டரில் எறிந்தாள். இப்பவா, இந்த மத்தியானத்துலயா என்று அவர் கேட்டதும் டீச்சர் வந்துவிடுவார் என்று சொன்னதும் முதுகுக்குப் பின்னால் கேட்டது. கடைப் படியிறங்கி, சாவி வெட்டுகிறவன், சலூன்காரர், பேக்கரி வாசலில் நின்ற கூட்டம் எல்லோரும் பார்க்க, நட்ட நடுப் பகலில் ஓடினாள்.

மிக வேகமாக ஓடினாள். கோபம் ஓடியது என்பதுதான் சரி. விலாவில் பிடித்துக்கொண்டது. முட்டி முதல் ஆளாக வந்து முறையிட்டது. ஓடிவருகிறவளுக்கு என்னவோ ஏதோ என்று ஒரு அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினாள். தெருமுனையில் வேனுக்குள் தலையை விட்டுக் குழாய்களை இழுத்துக்கொண்டிருந்த பிளம்பர் நிமிர்ந்தான்.

"என்ன அக்கா, பகல்லயும் ரயில் விட ஆரம்பிச்சாச்சா?"

"ஸ்பெஷல். வழிய விடு" என்றாள். அவன் குழாயைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டான்.

மில் சுவர் ஆரம்பித்தபோதுகூடக் கோபம் குறையவில்லை. டாக்டரோடு சண்டை போட்டாள், ஷூ கடைப் பையனோடு, சுவரில் இருந்த ஆணி ஓட்டையோடு, பல வருஷத்துக்கு முந்திய தன்னுடைய அந்த 'ம்'மோடு. சுவர் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். அவர்களால் இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. அவளும் வேகத்தைக் குறைத்தாள். சுவர் முடிந்தது.

அவிழ்ந்தது. வழக்கமான இடத்தில், வழக்கம்போல, ஒன்றுமே நடக்காத மாதிரி. மூச்சு தாளத்தில் விழுந்தது. கால்வாய்த் தண்ணீரிலிருந்து ஈரக் காற்று முகத்தில் அடித்தது. அவளுக்கு அதன் மேலேயே கோபம் வந்தது. இவ்வளவு சுலபமாகவா சமாதானமாகும் ஒரு உடம்பு? கொஞ்சம் வீறாப்பாக இருக்கக் கூடாதா? உடம்பு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாலத்தில் பெயர்ந்து கிடந்த ஓடு தெரிந்து, அதைத் தாண்டிக் கால் வைத்து, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

திரும்பிக் கடைக்கு வந்தபோது டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கவுண்டர் ஓரமாக மகன், ஆபீஸ் டையோடு. அப்பா ஃபோன் பண்ணியிருக்கிறார். அவன் முகம் வெளுத்திருந்தது. அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூக்கு நுனியிலிருந்து வேர்வை ஃப்ரேம் பெட்டியின் மேல் சொட்டியது. மகன் அவளை மேலும் கீழும் பார்த்தான். உடைந்த இடத்தைத் தேடுகிறவன் மாதிரி.

"எதுக்கும்மா?" என்றான்.  "சுகர் இல்ல. டாக்டர் தேவையில்லங்கறார். வீட்டுல மெஷின் இருக்கு. அப்புறம் எதுக்கு?"

அவளுக்கு ஏராளமாகப் பதில் இருந்தது. தூக்கம் நன்றாக வருகிறது எனலாம். எலும்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது, மறதி வராதாம் எனலாம். ஏதாவது ஒரு நோயைக் கையில் கொடுத்தால் போதும், நிம்மதியாக ஆபீசுக்குத் திரும்பிவிடுவான். இன்னொரு சீட்டு. இன்னொரு கெடுதேதி.

"சும்மா" என்றாள்.

மகன் அப்பாவைப் பார்த்தான். சும்மான்னா என்ன அர்த்தம் என்று கேட்க வேண்டியவர் அவர்தான். அவர் மேலங்கியை மடித்துக்கொண்டிருந்தார், தலை நிமிராமல்.

"சும்மாதான்டா" என்றாள் மறுபடியும். "எனக்குப் பிடிச்சிருக்கு. ஓடறேன். கீழ விழுந்தா எந்திரிப்பேன். எந்திரிக்க முடியலன்னா அப்பப் பாத்துக்கலாம்."

"அப்ப அந்த மெஷின்?"

"உனக்குத்தான் டென்ஷனாச்சே. நீ ஓடு."

டீச்சர் சிரிப்பை அடக்க இருமினார். அவள் கை கழுவிக்கொண்டு வந்து, டீச்சரிடம் வலது லென்ஸைத் தான் அதிகமாகத் தேய்த்துவிட்டதாகவும், இன்றைக்கு நாடா வைத்துத் தருவதாகவும், நாளைக்குப் புது லென்ஸ் போட்டுவிடுவதாகவும் சொன்னாள். பரவாயில்லை அம்மா, இதுவே போதும் என்றார் அவர். போதாது என்றாள் அவள், கொஞ்சம் கடுமையாகவே. ஷூவைக் கழற்றாமல் போய்ச் சாணைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அன்று கணவர் கடையைச் சாத்தும்போது ஷட்டரை இழுத்துப் பிடித்துக்கொண்டே, நாளைக்குக் காலையிலும் போவாயா என்று கேட்டார். போவேன் என்றாள். நான் பால்கனியில் நிற்கலாமா என்றார். பூட்டைக் கொடுங்கள் என்று வாங்கி, பூட்டி, இழுத்துப் பார்த்தாள். பால்கனி உங்களுடையதும்தானே என்றாள். அதற்கு மேல் அவளால் அன்று கொடுக்க முடியவில்லை.

மறுநாள் காலை திரும்பி வரும்போது, தெருமுனையில், அவர் அங்கே நிற்பது நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்தது. முகத்தில் என்னதான் இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தாள். வேர்வை. உப்பு. வேறொன்றும் கைக்கு அகப்படவில்லை. அவருக்காக அதை வைத்திருக்கவும் இல்லை, அவருக்குத் தெரியாமல் துடைக்கவும் இல்லை. கேட் வந்தது. முட்டி லேசாக வலித்தது. காப்பி வாசனை மாடியிலிருந்து வந்தது.

கேட்டைத் தாண்டி இன்னொரு சுற்று ஓடினாள்.